வராதவர்களின் உரிமை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டபின், பருவகால வணிகமும் பொதுநலமும் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். பள்ளிவாசல் இமாமுக்குக் கடைத்தெருவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். வணிகத்தில் அளவையும் நிறுவையும் பேணுவது எப்படி மார்க்கத்தின் பகுதியோ, அப்படியே நம் வணிகத்தால் பிறருக்குத் தீங்கு நேராமல் காப்பதும் மார்க்கத்தின் பகுதியே. எனவே இத்தலைப்பை மகிழ்வோடு ஏற்றுக்கொண்டோம்.

கொரோனா நோயை உலகப் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2020 மார்ச் 11ஆம் நாள். அதன் தொடர்பான உலகளாவிய அவசரநிலை முடிவுற்றதாக அதே நிறுவனம் அறிவித்தது 2023 மே 5ஆம் நாள். இடைப்பட்ட மூன்றாண்டுகளை மறந்துவிடவே மனம் விரும்புகிறது. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகுதான் கரையைப் பலப்படுத்த முடியும். வெள்ளம் வரும்போது மண்வெட்டியைத் தேடுபவன் வீட்டை இழப்பான். ஆகவே, அமைதியான இந்நாளில் அக்காலத்தைத் திரும்பிப் பார்ப்பது பயன் தரும்.

பருவ வணிகம் என்பது என்ன?

ஆண்டு முழுவதும் நடக்கும் கடைக்கும், பருவத்தில் மட்டும் நடக்கும் கடைக்கும் பெரும் வேறுபாடு உண்டு. மளிகைக் கடைக்காரர் ஒரு மாதம் கடையை அடைத்தால் அந்த மாத வருமானத்தை இழப்பார். குற்றாலத்தில் சாரல் காலத்தை நம்பிக் கடை வைத்திருப்பவர் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் ஆகிய மூன்று மாதங்களை இழந்தால் ஆண்டையே இழப்பார். உதகையில் கோடைக் காலத்தை நம்பி இருப்போரின் நிலையும் அதுவே. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உதகை மலர்க் கண்காட்சி நடைபெறவில்லை. அம்மலர்களைப் பார்க்க வரும் கூட்டத்தை நம்பி வர்க்கியும் தைலமும் விற்றவர்கள் இரண்டு பருவங்களைத் தொடர்ச்சியாக இழந்தனர்.

நம் ரமலான் வணிகத்தை எண்ணிப் பாருங்கள். நாடு தழுவிய பொது முடக்கம் 2020 மார்ச் 25 அன்று தொடங்கியது. அவ்வாண்டு ரமலான் மாதம் முழுவதும் முடக்கத்திலேயே கழிந்தது. அடுத்த ஆண்டு மே 10 அன்று தமிழகத்தில் முழு முடக்கம் நடைமுறைக்கு வந்தது. பெருநாளோ அதற்கு நான்கு நாள்களுக்குப் பின் வந்தது. துணி எடுப்பதும் தைப்பதும் தொப்பியும் அத்தரும் வாங்குவதும் மும்முரமாக நடக்க வேண்டிய நாள்கள் அவை. கடன் வாங்கிச் சரக்கு இறக்கியவர், அச்சரக்கையும் கடனையும் ஒருசேரச் சுமந்து நின்றார்.

இவ்வகை வணிகருக்குக் காலமே முதல். போன பருவம் திரும்பி வராது. அதனால்தான் தொற்றுக் காலத்தில் திறக்க அனுமதியுங்கள் என்ற குரல் இவர்களிடமிருந்தே உரத்து எழுந்தது. அதைப் பேராசை என்று பழிப்பது நியாயமாகாது. மறுபுறம், உயிர் போனால் திரும்புமா என்று கேட்டவர்களைக் கோழைகள் என்று ஏளனம் செய்ததும் நியாயமன்று. இரு தரப்பினரும் உண்மையையே பேசினர். ஆனால் இருவரும் சண்டையிட்டுக்கொண்டிருந்த வேளையில், திறப்பதா அடைப்பதா என்பதைவிட முக்கியமான ஒரு கேள்வி கேட்கப்படாமல் நின்றது. எப்படித் திறப்பது, அதற்கான செலவை யார் ஏற்பது என்பதே அக்கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டிய இடத்தில் நின்றவை உள்ளாட்சி அமைப்புகளே.

நம் கண்முன் நடந்தது

தமிழகத்தில் 2020 மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் பல நகராட்சிகளும் மாநகராட்சிகளும் ஒரு நல்ல காரியத்தைச் செய்தன. நெரிசலான காய்கறிச் சந்தைகளைப் பேருந்து நிலையங்களுக்கும் பள்ளி மைதானங்களுக்கும் மாற்றின. பேருந்துகள் ஓடாததால் அந்நிலையங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. தரையில் வெள்ளைக் கோடு போட்டு, கடைக்கும் கடைக்கும் இடைவெளி விட்டு, வாங்குவோர் நிற்க வட்டமும் கட்டமும் வரைந்தனர். கையிலிருந்த இடத்தை வைத்தே சமாளித்த ஏற்பாடு அது. வியாபாரமும் நடந்தது, கூட்டமும் கலைந்து நின்றது.

ஆனால் சென்னைக் கோயம்பேட்டில் அந்த மாற்றம் உரிய நேரத்தில் நிகழவில்லை. வணிகர்கள் இடம் மாறத் தயங்கினர். அதிகாரிகளும் அவர்களுடன் பேசிப் பேசி நாள்களைக் கடத்தினர். ஏப்ரல் இறுதியில் அங்கே தொற்று வெளிப்பட்டது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. அதற்குள் அங்கு வேலை செய்த சுமை தூக்குவோரும் லாரி ஓட்டுநர்களும் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் என்று தத்தம் சொந்த ஊர்களுக்குத் திரும்பியிருந்தனர். கோயம்பேட்டோடு தொடர்புடைய தொற்றாளர்களின் எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியது. காய்கறி மொத்த வணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. அங்கோ மழை பெய்தபோதெல்லாம் சேறும் நீரும் தேங்கிச் சரக்கு அழுகியது. கோயம்பேட்டில் காய்கறிச் சந்தை மீண்டும் திறக்கப்பட்டது செப்டம்பர் 28ஆம் நாள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு மாதத்திற்கு முன்னரே, முறையான தளமும் கூரையும் வடிகாலும் அமைத்துத் தந்து, வணிகரின் இழப்பில் ஒரு பங்கை ஏற்பதாகச் சொல்லி இருந்தால் அவர்கள் நகர மறுத்திருப்பார்களா? இடம் மாறு என்று மட்டும் சொல்லி, மாறுவதன் செலவு முழுவதையும் வணிகர் தலையில் வைத்தால், அவர் தயங்குவது இயல்பே. அத்தயக்கத்தின் விலையைக் கொடுத்தவர்களில் அச்சந்தையின் வாசலையே மிதிக்காத கிராமத்து மக்களும் இருந்தனர் என்பதே வேதனை.

மேய்ன் மாநிலம் செய்தது

செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு வேறோர் இடத்தில் கிடைத்த விடையை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மேய்ன் என்றொரு மாநிலம் உள்ளது. மக்கள் தொகை சுமார் பதினான்கு லட்சம். நீண்ட கடற்கரையும் காடும் ஏரிகளும் கொண்ட அம்மாநிலத்தின் வாகன எண் பலகைகளிலேயே ‘விடுமுறை நாடு’ என்ற பொருள்படும் சொல் பொறிக்கப்பட்டிருக்கும். மே இறுதி முதல் செப்டம்பர் தொடக்கம் வரையிலான கோடையே அவர்களுக்குப் பருவம். பார் ஹார்பர் என்ற கடலோர ஊரில் நிலையாக வசிப்போர் ஏறத்தாழ ஐயாயிரம் பேர்தாம். அதனை ஒட்டியுள்ள அகேடியா தேசியப் பூங்காவுக்கு 2019ஆம் ஆண்டில் நிகழ்ந்த வருகைகளோ முப்பது லட்சத்திற்கும் மேல். விடுதி, உணவகம், படகு, நினைவுப் பொருள் கடை என்று எல்லாம் அந்தக் கோடை மாதங்களையே நம்பி நிற்கின்றன.

2020 ஏப்ரல் மாதத்தில், வெளி மாநிலங்களிலிருந்து வருவோர் பதினான்கு நாள் தனித்திருக்க வேண்டும் என்று அம்மாநில ஆளுநர் ஜேனட் மில்ஸ் ஆணையிட்டார். ஒரு வாரம் தங்கிப் போக வருபவர் இரண்டு வாரம் தனித்திருப்பாரா? விடுதிக்காரர்கள் கொதித்தெழுந்தனர். வழக்குகளும் தொடுக்கப்பட்டன. மறுபுறம், மருத்துவ வசதி குறைந்த சிற்றூர்களில் வாழும் முதியோர், வெளியூர்க் கூட்டம் நோயைக் கொண்டுவருமே என்று அஞ்சினர். அமெரிக்க மாநிலங்களுள் முதியோர் விகிதம் மிக அதிகமாக உள்ள மாநிலங்களில் மேய்னும் ஒன்று.

ஜூன் 8 அன்று ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன்படி, வருவோர் 72 மணி நேரத்திற்குள் செய்த பரிசோதனையில் தொற்று இல்லை என்று தெரிந்திருந்தால் தனித்திருக்கத் தேவையில்லை. அதற்கான உறுதிமொழிப் படிவத்தில் கையொப்பமிட்டு விடுதியில் தர வேண்டும். இது ஒரு பாதி. நம் கவனத்திற்குரியது மறு பாதி. நடுவண் அரசு தந்த நிவாரண நிதியிலிருந்து 1 கோடியே 30 லட்சம் டாலர் வரை ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பழங்குடி நிர்வாகங்களுக்கும் ஒதுக்கப்பட்டது. அவை செய்ய வேண்டியது, தம் ஊருக்கென ஒரு தடுப்புத் திட்டத்தை எழுதிக் கொடுத்து நடைமுறைப்படுத்துவது. அதற்காகும் செலவை மாநிலம் திருப்பித் தரும்.

எதெற்கெல்லாம் செலவிடலாம் என்றும் வரையறுத்தனர். அறிவிப்புப் பலகை வைக்கலாம். கடற்கரையிலும் பொது இடங்களிலும் கூட்டத்தைக் கட்டுப்படுத்த ஆள் நியமிக்கலாம். தடுப்பு வேலியும் துப்புரவுப் பொருள்களும் வாங்கலாம். வணிகர்களைக் கடை கடையாகச் சந்தித்து, எப்படி இடைவெளி விடுவது, எப்படிக் காற்றோட்டம் செய்வது என்று சொல்லிக் கொடுக்கவும் புகார் வந்தால் சென்று விசாரிக்கவும் ஊழியரை அமர்த்தலாம். அவ்வூழியர் முதலில் சொல்லிக் கொடுக்கவே அனுப்பப்பட்டார். தண்டிக்கும் பணி அவருக்கு முதற்பணியாக வைக்கப்படவில்லை.

அம்மாநிலத்தின் பெரிய நகரமான போர்ட்லண்டின் நகர மன்றம் இன்னொன்றும் செய்தது. அக்கோடையில் பழைய துறைமுகப் பகுதியின் சில தெருக்களில் வாகனப் போக்குவரத்தை நிறுத்தி, உணவகங்கள் தம் மேசைகளை வீதியில் போட்டுக்கொள்ள அனுமதித்தது. உள்ளே பாதி மேசைதான் போடலாம் என்றால் மீதிப் பாதிக்கு வெளியே இடம் தந்தது. திறந்த வெளியில் தொற்று பரவும் வாய்ப்பு குறைவு. வணிகரின் இழப்பும் குறைந்தது. நகராட்சிக்குச் சொந்தமான தெருவே இங்கு நிவாரணமாக ஆயிற்று. கையில் பணம் இல்லாத உள்ளாட்சியும் இடத்தைத் தர முடியும் என்பதற்கு நம் ஊர்ப் பேருந்து நிலையச் சந்தைகளும் அந்தத் தெருக்களும் சான்று.

பருவம் முழுமையாகக் கைகூடியது என்று சொல்ல முடியாது. உல்லாசக் கப்பல்கள் அவ்வாண்டு வரவேயில்லை. அகேடியா பூங்காவுக்கு நிகழ்ந்த வருகைகளும் ஏறத்தாழ 27 லட்சமாகக் குறைந்தன. ஆயினும் பல கடைகள் பிழைத்தன. அந்தக் கோடை முழுவதும் அந்நாட்டில் தொற்று விகிதம் மிகக் குறைவாக இருந்த மாநிலங்களின் வரிசையில் மேய்ன் நின்றது.

ஒரு திருமண விருந்து

இவ்வளவு ஏற்பாட்டுக்கும் நடுவே ஒரு துயரம் நிகழ்ந்தது. ஆகஸ்ட் 7 அன்று, மில்லினாக்கெட் என்ற சிற்றூர்ப் பகுதியில் ஒரு விடுதியில் திருமண விருந்து நடைபெற்றது. கூடியவர் 55 பேர். உள்ளரங்கில் ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்பதே அப்போதைய விதி. வாசலில் ஒவ்வொருவருக்கும் உடல் வெப்பம் அளக்கப்பட்டது. எல்லாருக்கும் இயல்பாகவே இருந்தது. முகக்கவசம் அணியுமாறு பலகையும் வைக்கப்பட்டிருந்தது. ஆனால் விருந்தினர் அணியவில்லை, இடைவெளி விடவில்லை. பணியாளர்களும் வற்புறுத்தவில்லை. நல்ல நாளில் விருந்தாளியிடம் கடுமையாகப் பேசுவது எப்படி என்ற தயக்கம் எல்லா நாட்டவர்க்கும் பொதுவானதே.

பின்னர் அரசு சுகாதாரத் துறையினர் ஆய்ந்து வெளியிட்ட கணக்கு இது. அவ்விருந்திலிருந்து தொடங்கிய சங்கிலியில் தொற்றுக்கு ஆளானோர் 177 பேர். இறந்தோர் எழுவர். விருந்துக்குச் சென்றவரின் தொடர்பு வழியாகத் தொற்றுக்கு ஆளான ஒரு பணியாளர் வாயிலாக, நூறு மைல் தொலைவிலிருந்த முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நோய் நுழைந்தது. அங்கே 38 பேருக்குத் தொற்று, அறுவர் மரணம். விருந்தில் கலந்துகொண்ட ஒரு சிறைப் பணியாளர் வாயிலாக, இருநூறு மைல் தொலைவிலிருந்த சிறையில் 82 பேருக்குத் தொற்று. இந்த இரு பணியாளர்களும் நோயின் அறிகுறி தோன்றிய பிறகும் வேலைக்குச் சென்றிருந்தனர்.

இறந்த எழுவரில் ஒருவர்கூட அத்திருமணத்திற்குச் சென்றவர் அல்லர். மணமக்களை வாழ்த்தியவர் அல்லர், விருந்தில் ஒரு கவளம் உண்டவரும் அல்லர். இதை நாம் மீண்டும் மீண்டும் சிந்திக்க வேண்டும்.

வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் உண்டு. விருந்தளிப்பவருக்கும் விருந்தினருக்கும் இடையே ஒரு சம்மதம் உண்டு. எனக்கு விருப்பம், அவருக்கும் விருப்பம், இடையில் அரசுக்கு என்ன வேலை என்று கேட்பவர் இந்த இருவரை மட்டுமே கணக்கில் கொள்கிறார். தொற்று நோய்க் காலத்தில் ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு மண்டபத்திலும் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவர் அங்கு வரவில்லை. தமக்கு வரவிருக்கும் தீங்கை அவர் அறியவுமில்லை. அவருடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அவருக்கும் நம் மீது ஹக்கு உண்டு. வராதவர்களின் சார்பாகப் பேச ஒருவர் வேண்டும். அந்தப் பொறுப்பே உள்ளாட்சியினுடையது. கடை திறப்பு வணிகரின் உரிமை என்றால், அத்திறப்பு பாதுகாப்பானதாக இருத்தல் வராதவர்களின் உரிமை. இந்த இரண்டையும் ஒருசேரக் காப்பதே நல்ல நிர்வாகம்.

காட்சியும் காப்பும்

மில்லினாக்கெட்டில் வெப்பமானி இருந்தது, பலகை இருந்தது, பாதுகாப்பு இல்லை. நம் நாட்டிலும் இதற்கு நிகரான ஒன்றைக் கண்டோம். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூரில் சந்தை வாயிலில் கிருமிநாசினிச் சுரங்கப் பாதை ஒன்று அமைக்கப்பட்டது. அதன் வழியே நடப்பவர் மீது மருந்து நீர் தெளிக்கப்படும். அதைப் பார்த்துப் பல ஊர்களிலும் அமைத்தனர். நல்ல எண்ணத்தோடு செய்ததே. ஆனால் மனித உடல் மீது கிருமிநாசினி தெளிப்பதால் பயனில்லை, தீங்கும் நேரும் என்று அந்த ஏப்ரல் மாதத்திலேயே தமிழகப் பொதுச் சுகாதாரத் துறையும் நடுவண் சுகாதார அமைச்சகமும் அறிவுறுத்தின. பேருந்து நிலையத் தரையில் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்கு ஆன செலவு சொற்பம். பயனோ அதற்கே அதிகம்.

ஆகவே உள்ளாட்சியிடம் நாம் கேட்க வேண்டியது பகட்டான கருவிகளை அன்று. இடம், காற்றோட்டம், தண்ணீர், கழிப்பறை, கூட்டத்தை ஒழுங்கு செய்ய ஆள், சொல்லிக் கொடுக்க ஊழியர், நோயுற்ற தொழிலாளி வீட்டில் தங்கினால் அவர் அடுப்பு எரிய வழி ஆகியவற்றையே கேட்க வேண்டும். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். ஒரு நாள் கூலி போனால் அடுத்த நாள் உலை வைக்க முடியாதவர் இருமிக்கொண்டே வேலைக்கு வருவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

படிப்படியாகத் திறப்பதன் பயனை நம் சமுதாயத்தினர் நன்கு அறிவர். 2020ஆம் ஆண்டு ஹஜ் கடமையைச் சவூதி அரேபியாவில் வசித்த சுமார் ஆயிரம் பேர் மட்டுமே நிறைவேற்றினர். மக்கா நகரின் விடுதிகளும் கடைகளும் அப்பருவத்தை இழந்தன. பின்னர் அக்டோபர் 4 முதல் நாளொன்றுக்கு 6,000 பேர் உம்ரா செய்ய அனுமதிக்கப்பட்டனர். அக்டோபர் 18 முதல் அது 15,000 ஆயிற்று. நவம்பர் 1 முதல் 20,000 ஆகி, வெளிநாட்டவரும் வரலாயினர். முன்பதிவு செய்து, குறித்த நேரத்தில் வந்து, குறித்த நேரத்தில் செல்ல வேண்டும். புனித ஆலயத்திற்கே இந்த ஒழுங்கு பொருந்தும் என்றால் நம் பெருநாள் கடைத்தெருவுக்குப் பொருந்தாதா?

பட்டியலில் இல்லாதவர்

இனி நம் ஊருக்கு வருவோம். உதவி வரும்போது அது யாருக்குக் கிடைக்கிறது? பட்டியலில் பெயர் உள்ளவருக்கே கிடைக்கிறது. ரமலானில் மட்டும் பழமும் சமோசாவும் விற்பவர், பெருநாளுக்கு முன் பத்து நாள் தொப்பியும் வளையலும் விற்பவர், சாரல் காலத்தில் மட்டும் தள்ளுவண்டி போடுபவர் ஆகியோரின் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது?

தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரப் பாதுகாப்புக்கென நாடாளுமன்றம் 2014இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி உள்ளாட்சிப் பகுதிகளில் நகர விற்பனைக் குழு அமைக்கப்பட வேண்டும். அக்குழுவில் குறைந்தது நாற்பது விழுக்காட்டினர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறையேனும் கணக்கெடுப்பு நடத்தி, விற்பனைச் சான்றிதழ் வழங்க வேண்டும். 2020 ஜூன் மாதம் நடுவண் அரசு தெருவோர வியாபாரிகளுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை தொழில் மூலதனக் கடன் தரும் பி.எம். ஸ்வநிதி திட்டத்தைத் தொடங்கியபோது, உள்ளாட்சி தந்த சான்றிதழோ அடையாள அட்டையோ உள்ளவர்கள் எளிதில் விண்ணப்பித்தனர். கணக்கெடுப்பில் விடுபட்டவர்கள் உள்ளாட்சியிடம் பரிந்துரைக் கடிதம் பெற அலைந்தனர். முதல் தவணைக் கடனின் அளவு 2025இல் பதினைந்தாயிரமாக உயர்த்தப்பட்டுள்ளது.

அக்கடனில் வட்டி உண்டு என்பதும், வட்டி பற்றிய மார்க்க நிலையும் நீங்கள் அறிந்ததே. அதனால் சிலர் சான்றிதழே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுகின்றனர். இது சரியன்று. கடன் வேறு, சான்றிதழ் வேறு. கடனை வாங்காமல் இருக்கலாம். ஆனால் நான் இந்த ஊரில் வியாபாரம் செய்பவன் என்பதற்கு உள்ளாட்சி தரும் சான்று நம் சட்டப்படியான உரிமை. கடையை இடம் மாற்றும்போது மாற்றிடம் கேட்கவும், நிவாரணம் வரும்போது பெறவும், பயிற்சி நடக்கும்போது அழைக்கப்படவும் அதுவே துணை நிற்கும். மூலதனத்திற்கு வட்டியில்லா அழகிய கடன் முறை நம்மிடம் உண்டு. அதை நடத்துவது ஜமாஅத்தின் பொறுப்பு.

நாம் செய்ய வேண்டியவை

ஜமாஅத்தார்களே! நிர்வாகக் குழுவின் மேலான கவனத்திற்கு ஐந்து வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

முதலாவது: நம் மஹல்லாவில் பருவ வணிகம் செய்வோரின் பெயர், தொழில், பருவ மாதம், வேலையாள்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்ட பதிவேடு ஒன்று ஜமாஅத் அலுவலகத்தில் வேண்டும். கணவரை இழந்து, வீட்டிலேயே நோன்புக் காலச் சிற்றுண்டி செய்து விற்கும் பெண்களின் பெயர் அதில் முதலில் இடம்பெறட்டும்.

இரண்டாவது: சான்றிதழ் இல்லாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவும், நகராட்சி அலுவலகத்திற்கு உடன் செல்லவும் படித்த இளைஞர்கள் நால்வர் முன்வர வேண்டும்.

மூன்றாவது: ரமலானுக்கு இரண்டு மாதம் முன்னரே, பிற சமுதாய வணிகர்களையும் உடன் அழைத்துக்கொண்டு நகராட்சி ஆணையரைச் சந்திக்க வேண்டும். எந்தத் தெருவில் மாலை நேரத்தில் வாகனத்தை நிறுத்தலாம், எந்த மைதானத்தைத் தரலாம், நோய் பரவினால் எங்கே மாறுவது என்பனவற்றை அமைதிக் காலத்திலேயே பேசி எழுத்தில் பெற வேண்டும். தொற்று என்பது மதம் பார்த்து வருவதில்லை. ஏற்பாடும் அப்படியே பொதுவாக இருக்கட்டும்.

நான்காவது: திருமண மண்டபம் வைத்திருப்போரும் திருமணம் நடத்துவோரும், தொற்றுக் காலத்தில் அரசு விதித்த எண்ணிக்கையைக் கூட்டாமல் இருப்பதைத் தம் வாக்குறுதியாகக் கொள்ள வேண்டும். அழைக்கப்படாதவர் வருத்தப்படுவார் என்பது உண்மைதான். அவருடைய வருத்தம் ஒரு மாதத்தில் தீரும்.

ஐந்தாவது: பைத்துல்மாலில் ஒரு சிறு பகுதியை, நோயுற்று வீட்டில் தங்கும் தினக்கூலித் தொழிலாளியின் குடும்பச் செலவுக்கென ஒதுக்க வேண்டும். அவரை வேலைக்கு வைத்திருக்கும் கடை முதலாளியும் அதில் பாதியை ஏற்றால் அது இருவருக்கும் நன்மையாகும்.

இவற்றுள் எதுவும் பெரும் பணம் கேட்பதன்று. முன்கூட்டியே சிந்திப்பதையும் ஒருவரோடொருவர் கலந்து பேசுவதையுமே கேட்கின்றது. உள்ளாட்சி உதவ முன்வரும் நாளில் நம் கையில் பட்டியலும் திட்டமும் இருந்தால் அவ்வுதவி நம் எளியோரைச் சென்றடையும். உள்ளாட்சி தாமதிக்கும் நாளில் அதே பட்டியலும் திட்டமும் நம்மைத் தட்டிக் கேட்கத் தகுதியுடையோராக்கும்.

இறுதியாக ஒன்று. ஆணையரின் ஊழியர் வரும்போது மட்டும் இடைவெளி விட்டு, அவர் தெருமுனையைத் தாண்டியதும் கயிற்றை அவிழ்த்துவிடுவது எளிது. வராதவர் நம் கடையைப் பார்க்கப் போவதில்லை, புகார் தரப் போவதுமில்லை. எங்கோ ஒரு வீட்டில் மூச்சுத் திணறும் முதியவருக்கு, அந்நோய் எந்தக் கடையின் வழியே வந்தது என்பது தெரியவும் தெரியாது. ஆனால் அல்லாஹ் அறிவான். அமானிதம் என்பது யாரும் காணாத இடத்திலும் காக்கப்பட வேண்டியது.

நம் வணிகத்தில் பரக்கத்தையும், நம் ஊருக்கு நோயற்ற வாழ்வையும், பொறுப்பில் இருப்போருக்கு நீதியான உள்ளத்தையும், அந்நாள்களில் நம்மை விட்டுப் பிரிந்தோருக்கு மன்னிப்பையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.